மண்ணைப் பெயரில் வைத்த கடலை: வறுத்த வாசத்தின் வரலாறு



ஜார்ஜ்டவுனில் ஒரே தெருவில் மூன்று பேரை நிறுத்தி, நிலக்கடலைக்கு உங்கள் மொழியில் என்ன பெயர் என்று கேட்டுப் பாருங்கள். தமிழர் நிலக்கடலை என்பார். மலாய்க்காரர் கச்சாங் தானா என்பார். தானா என்றால் மண், நிலம். ஹொக்கியன் பேசும் சீனர் தோ தாவ் என்பார். அதற்கும் மண் பயறு என்றுதான் பொருள். மூன்று மொழிகளும் சுவையையோ நிறத்தையோ வைத்துப் பெயர் சொல்லவில்லை. மூன்றும் மண்ணையே பெயரில் வைத்திருக்கின்றன.

நம் வீட்டுப் பெரியவர்களும் இதைத்தான் வேறு மாதிரி சொல்லுவாங்க. "என்ன இருந்தாலும் ஊர்க் கடலை வாசம் இங்க வராதுப்பா." இளையவர்கள் சிரித்துவிட்டுப் போவார்கள். பிறந்த மண்ணின் மேல் உள்ள பாசம், வேறென்ன என்று நாமும் விட்டுவிடுகிறோம். இந்தக் கட்டுரையில் அந்தப் பேச்சை ஒரு வரலாற்றுக் கூற்றாக எடுத்துக்கொண்டு சோதித்துப் பார்ப்போம். வறுத்த கடலையின் வாசம் வறுப்பவரின் கையில் பிறக்கிறதா, விளைந்த வயலில் பிறக்கிறதா? கையோடு வந்தது எது, வயலிலேயே நின்றுபோனது எது?

இதற்குப் பதில் தேடினால், நம் ஊர் கச்சாங் பூத்தே வண்டியைப் பற்றி மாணவர்களுக்கு நாம் சொல்லிக்கொடுக்கும் கதையையே கொஞ்சம் மாற்றிச் சொல்ல வேண்டியிருக்கும்.

பெயர்கள் சொல்லும் பயணம்

முதலில் ஒன்றைத் தெளிவாக வைத்துக்கொள்வோம். நிலக்கடலை தமிழ் மண்ணில் தோன்றிய பயிர் கிடையாது. அதன் பிறப்பிடம் தென் அமெரிக்கா. இன்றைய பொலிவியாவும் வட அர்ஜென்டினாவும் சேரும் பகுதி. 16-ஆம் நூற்றாண்டு முதல் போர்த்துகீசிய, ஸ்பானியக் கப்பல்கள் அதை ஆப்பிரிக்காவுக்கும் ஆசியாவுக்கும் கொண்டுவந்தன. சங்க இலக்கியத்தில் தேடினால் அது கிடைக்காது. அதற்கு முன் தமிழில் கடலை என்றால் நாம் இன்று கொண்டைக்கடலை என்று சொல்லும் பயறுதான். புதிதாக வந்த பயிர் அந்தப் பழைய பெயரை வாங்கிக்கொண்டு, முன்னால் நிலம் என்றோ வேர் என்றோ ஓர் அடையாளம் சேர்த்துக்கொண்டது.

விழுப்புரம், திண்டிவனம், கடலூர் பக்கம் போனால் மணிலாக்கொட்டை, மல்லாக்கொட்டை, மல்லாட்டை என்று சொல்வார்கள். 1565 முதல் 1815 வரை மெக்சிகோவின் அகபுல்கோவுக்கும் பிலிப்பைன்சின் மணிலாவுக்கும் இடையே ஸ்பானியக் கப்பல்கள் ஓடிக்கொண்டிருந்தன. மல்லாட்டை என்ற கிராமத்துச் சொல்லுக்குள் அந்தக் கடல் வழி ஒளிந்திருக்கிறது. இலங்கைத் தமிழர் கச்சான் என்கிறார்கள். அதையும் மலாய்க்காரரின் கச்சாங்கையும் அடுத்தடுத்துச் சொல்லிப் பாருங்கள். ஒலி எவ்வளவு நெருங்கி வருகிறது!

19-ஆம் நூற்றாண்டில் தென்னார்க்காடு கடலைக்குப் பேர் போன வட்டாரம் ஆனது. புதுச்சேரித் துறைமுகம் வழியாகப் பிரான்சின் மர்சேய் நகருக்குக் கடலை ஏற்றுமதியானது; அங்கே எண்ணெய்க்கும் சோப்புக்கும் அது தேவைப்பட்டது. அந்த நூற்றாண்டின் இறுதியில் விளைச்சல் சரிந்து, சாகுபடிப் பரப்பும் சுருங்கியது. மொரீஷியஸ் வகை என்ற புது விதை வந்த பிறகுதான் பயிர் மீண்டது. பின்னாளில் திண்டிவனம் ஆராய்ச்சி நிலையம் டி.எம்.வி. 2, டி.எம்.வி. 7 போன்ற வகைகளை உருவாக்கியது. டி.எம்.வி. என்பதே திண்டிவனத்தின் சுருக்கம்தான். இந்த வணிகம் முழுவதும் முதலில் கேட்டது எண்ணெய் எவ்வளவு, எடை எவ்வளவு என்பதை. வாசம் எப்படி என்று கேட்டவர்கள் தெருவில் வறுத்து விற்றவர்களும் வாங்கித் தின்றவர்களும்தான்.

வாசம் எந்த நேரத்தில் பிறக்கிறது?

பச்சைக் கடலையைக் கையில் தேய்த்து முகர்ந்து பாருங்கள். அவரைக்காய் போல, புல் போல ஒரு வாடை வரும். அவித்த கடலையில் அவித்த பயறு வாசம் வரும். மணல் சட்டியில் வறுத்தால் மட்டுமே அந்தத் தெருமுனை வாசம் வரும். ஒரே கடலைதான், என்ன வித்தியாசம்?

வித்தியாசம் வெப்பத்தில் இருக்கிறது. தண்ணீர் கொதிக்கும் சூடு 100 டிகிரி செல்சியஸ். அவிக்கும்போது கடலை அதற்கு மேல் சூடாவதில்லை. வறுக்கும்போது ஈரம் வெளியேறி, பருப்பின் சூடு அதைத் தாண்டிப் போகிறது. அப்போது பருப்புக்குள் இருக்கும் சர்க்கரையும் அமினோ அமிலங்களும் ஒன்றோடொன்று வினைபுரிகின்றன. பிரெஞ்சு அறிவியலாளர் லூயி கமீல் மைலார்ட் 1912-இல் விளக்கிய வினை இது. அவர் பெயரிலேயே மைலார்ட் வினை என்கிறோம். ரொட்டியின் மேல்தோல் சிவப்பதும் காப்பிக்கொட்டை மணப்பதும் இதே வினையால்தான்.

இந்த வினையில் பிறக்கும் பொருள்களில் பைரசின் குடும்பம் முக்கியமானது. 1960-களில் அமெரிக்காவின் ஒக்லஹோமாவில் ஆய்வு செய்தவர்கள் வறுத்த கடலையின் ஆவியில் பைரசின்களைப் பிரித்துக் காட்டினார்கள். 2,5-டைமெத்தில்பைரசின் என்ற பொருள் வறுத்த கடலை வாசத்தோடு நெருங்கிய தொடர்புடையது. இவற்றோடு மால்ட் வாசம் தரும் ஆல்டிஹைடுகளும் தேன் போல் இனிக்கும் பினைல்அசிடால்டிஹைடும் சேர்கின்றன. நம் மூக்கு இவை எல்லாவற்றையும் சேர்த்து 'கடலை வறுக்கிறாங்க' என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறது.

அடுத்ததுதான் நமக்கு முக்கியம். அதே ஆய்வாளர்கள் 1967-இல் இன்னொன்றையும் சொன்னார்கள். எல்லா அமினோ அமிலமும் நல்ல வாசத்தைத் தருவதில்லை. அஸ்பார்டிக் அமிலம், குளுட்டாமிக் அமிலம், ஹிஸ்டிடின், பினைல்அலனின் போன்றவை நல்ல வறுவல் வாசத்துக்கு மூலப்பொருள். திரியோனின், டைரோசின், லைசின், அர்ஜினின் போன்றவை கூடினால் வாசம் கோணலாகிறது. சர்க்கரையில் சுக்ரோஸ்தான் பெரும்பங்கு. வறுக்கும் சூட்டில் அது உடைந்து வினைக்குள் வருகிறது.

இந்த மூலப்பொருள்களைச் சட்டி உண்டாக்குவதில்லை. சட்டிக்கு வருமுன்பே அவை பருப்புக்குள் இருக்கின்றன. வறுப்பவர் அவற்றை எழுப்பிவிடுகிறார், அவ்வளவுதாங்க. அப்படியானால் அவை எங்கே சேர்ந்தன என்று கேட்டுக்கொண்டு வயலுக்குப் போவோம்.

வயல் செய்யும் வேலை

நிலக்கடலைச் செடி வினோதமானது. பூ மேலே பூக்கிறது. கருவுற்ற பிறகு பூவின் அடியிலிருந்து விழுது ஒன்று கீழே இறங்கி மண்ணைத் துளைத்து, மண்ணுக்குள் காய் பிடிக்கிறது. வேர்க்கடலை என்று சொன்னாலும் அது வேரில் காய்ப்பதில்லை. காய் முழுக்க மண்ணுக்குள் கிடந்து வளர்வதால், மண்ணின் சூடும் ஈரமும் சத்தும் அதை நேரடியாகத் தொடுகின்றன. மாம்பழத்துக்கோ முந்திரிக்கோ இப்படி ஒரு நெருக்கம் இல்லை.

முதலில் சுண்ணாம்புச் சத்து. காய்க்குத் தேவையான கால்சியத்தை வேர் உறிஞ்சிக் கொடுத்தால் போதாது; காயே தன் ஓட்டின் வழியாகச் சுற்றியுள்ள மண்ணிலிருந்து எடுத்துக்கொள்கிறது. மண்ணில் அது குறைந்தால் ஓடு இருக்கும், பருப்பு இருக்காது. பொக்குக் கடலை என்போமே, அதுதான். தமிழ்நாட்டில் விதைத்த 40 முதல் 45-ஆம் நாள் வாக்கில் ஹெக்டேருக்கு 400 கிலோ ஜிப்சம் இட்டு மண் அணைக்கச் சொல்வது இதற்காகத்தான்.

இரண்டாவது, காய் முற்றும் காலத்துச் சூடு. கடலைப் பருப்பில் ஏறக்குறையப் பாதி எண்ணெய். வெப்பமான இடத்தில் முற்றிய கடலையில் ஒலியிக் அமிலம் கூடுதல். குளிர்ந்த இடத்தில் முற்றியதில் லினோலியிக் அமிலம் கூடுதல். இரண்டாவது வகை சீக்கிரம் காற்றோடு வினைபுரிந்து, ஹெக்சனால் என்ற பொருளை வெளிவிடும். காறிப்போன வாடை, அட்டைப்பெட்டி வாடை என்று நாம் சொல்வதில் இதற்குப் பங்குண்டு. வறுத்த அன்று இரண்டும் நன்றாகவே மணக்கலாம். ஒரு மாதம் கழித்துத்தான் எது எந்த வெயிலில் விளைந்தது என்று தெரியவரும்.

மூன்றாவது, தண்ணீர். கடைசி நான்கு முதல் ஆறு வாரத்தில் மழை பொய்த்து மண்ணும் சூடேறினால் செடியின் எதிர்ப்புச் சக்தி குறைந்து, அஸ்பெர்ஜில்லஸ் என்ற பூஞ்சணம் காய்க்குள் புகும். அது அஃப்லாடாக்சின் என்ற நஞ்சை உண்டாக்கும். 1960-இல் இங்கிலாந்தில் சுமார் ஒரு லட்சம் வான்கோழிகள் காரணம் தெரியாமல் செத்தன. பிரேசிலிலிருந்து வந்த கடலைப் பிண்ணாக்கைத் தேடிப் போய்த்தான் இந்த நஞ்சைக் கண்டுபிடித்தார்கள். விளைந்த இடத்துக்கு வாசத்தில் மட்டுமல்ல, உயிரிலும் பங்கு இருக்கிறது என்பதை உலகம் அந்த ஆண்டு கற்றுக்கொண்டது.

நான்காவது, முற்றுதல். ஒரே செடியிலேயே எல்லாக் காயும் ஒரே நாளில் முற்றுவதில்லை. இளங்காயில் அர்ஜினின் அதிகம். வறுத்தால் கோணல் வாடை. அதில் சர்க்கரையும் தனி அமினோ அமிலங்களும் கூடுதலாக இருப்பதால் சட்டியில் சீக்கிரம் கறுத்துவிடும். ஒரே சட்டி, ஒரே தீ, ஆனால் நாலு பருப்பு மட்டும் கரிந்து கசப்பதைப் பார்த்திருப்பீங்க. வறுத்தவரைக் குறை சொல்லாதீங்க. பல நேரம் அது அவசரமாகப் பிடுங்கிய வயலின் குறை.

ஐந்தாவது, உலர்த்துதல். பிடுங்கிய காயைச் சூடான காற்றில் 35 டிகிரிக்கு மேல் அவசரமாகக் காயவைத்தால், பருப்பு மூச்சுத்திணறி, புளித்த வாடை தரும் பொருள்கள் உள்ளே சேரும். பிறகு எவ்வளவு பக்குவமாக வறுத்தாலும் அந்த வாடை முழுதாகப் போகாது.

இத்தனையும் சொன்ன பிறகு ஒரு நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். மண் மட்டும்தான் எல்லாம் என்று அறிவியல் சொல்லவில்லை. அமெரிக்காவின் வட கரோலினாவில் பல ஆண்டுகள், பல இடங்களில் ஒரே வகைகளை விளைவித்து, வறுத்து, பயிற்சி பெற்றவர்களைச் சுவைக்கவைத்து ஆய்வு நடந்தது. வகையால் வாசம் மாறுகிறது, இடத்தாலும் மாறுகிறது, ஆண்டாலும் மாறுகிறது. ஒரு வகை ஓரிடத்தில் சிறந்தும் இன்னோரிடத்தில் சுமாராகவும் இருக்கலாம் என்பதே அதில் கண்டது. விதையும் மண்ணும் பேசிக்கொள்ளும் பேச்சுதான் வாசம் என்று வைத்துக்கொள்ளலாம்.

எட்டயபுரத்திலிருந்து ஈப்போவுக்கு

இப்போது நம் நாட்டுக்கு வருவோம். மலேசியாவில் கச்சாங் பூத்தே என்றதும் பலருக்கும் நினைவு வருவது ஈப்போ, புந்தோங்கில் உள்ள கம்போங் கச்சாங் பூத்தே. 1940-களில் தமிழ்நாட்டின் எட்டயபுரம் வட்டாரத்திலிருந்து வந்தவர்கள் இந்தத் தொழிலைத் தொடங்கியதாக அந்த மக்களின் வரலாறு சொல்கிறது. எட்டயபுரம் நமக்குத் தெரியாத ஊரா? 1882-இல் பாரதி பிறந்த ஊர். சீறாப்புராணம் பாடிய உமறுப்புலவர் அடக்கமான ஊர். பாரதியைப் பாடம் நடத்தும்போது அந்த ஊர்ப் பெயரைப் பல முறை சொல்லியிருப்போம். ஆனால் அதே ஊருக்கும் நம் தெருமுனைக் கடலை வண்டிக்கும் உள்ள உறவைச் சொல்லியிருக்க மாட்டோம்.

எட்டயபுரம் கரிசல் காடு. மழை பெய்தால் காலில் அப்பும், காய்ந்தால் பாளம் பாளமாக வெடிக்கும் கறுப்பு மண். பருத்தி, கம்பு, சோளம், மிளகாய், பயறு வகைகள் அந்த நிலத்தின் பயிர்கள். வானம் பார்த்த பூமி என்பதால் மழை தவறினால் பிழைப்புத் தேடி வெளியூர் போவது அங்கே புதிதல்ல. சென்னையிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் பினாங்குக்கு ராஜுலா போன்ற கப்பல்கள் ஓடிய காலம் அது. ராஜுலா 1926-இல் ஓடத் தொடங்கி 1970-கள் வரை ஓடியது. மலாயாவுக்கு அப்படி வந்தவர்களில் பலருக்குப் பினாங்குதான் முதலில் கண்ட கரை.

அவர்கள் கொண்டுவந்தது என்ன? பயறையும் கடலையையும் ஊறவைக்கவும் உப்பேற்றவும் வறுக்கவும் பொரிக்கவும் தெரிந்த கை. தலையில் தட்டைச் சுமந்து, திரையரங்கு வாசலிலும் பள்ளி வாசலிலும் பழைய தாளைச் சுருட்டிக் கூம்பு செய்து, அதில் அள்ளிப் போட்டு விற்றார்கள். அந்தக் கூம்பைக் கையில் பிடித்தவர்களுக்கு அதன் சூடு இன்னும் ஞாபகம் இருக்கும். பினாங்கில் தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை போகும் வழியில் இன்றும் கச்சாங் பூத்தே கடைகள் இல்லாமல் திருவிழா நிறைவதில்லை.

கொண்டுவர முடியாதது என்ன? வயல். கரிசலைக் கப்பலில் ஏற்ற முடியாது. மலேசியாவில் நிலக்கடலை விளையாமல் இல்லை. கிளந்தான், திரங்கானு கடலோர மணல் நிலங்களில் பயிராகிறது. ஆனால் நாட்டின் தேவையில் பெரும்பகுதி வெளியிலிருந்து வருகிறது. சீனா, இந்தியா என்று மூட்டைகள் பல மண்ணிலிருந்து வருகின்றன. ஒரே வண்டியில், ஒரே கை வறுத்தாலும், இந்த மாத மூட்டை ஒரு மண், அடுத்த மாத மூட்டை இன்னொரு மண்.

போதாக்குறைக்கு நம் பினாங்குக் காற்று. ஆண்டு முழுக்க ஈரம். வறுத்த கடலை அந்த ஈரத்தை இழுத்துக்கொண்டு சில நாளில் நமத்துப்போகும். காறலும் காத்திருக்கும். வறுத்த கடலையைக் காற்றுப் புகாத டின்னில் அடைத்துவைப்பதும், கொஞ்சங்கொஞ்சமாக வறுப்பதும், வண்டியில் சூட்டோடு வைத்து விற்பதும் இந்தத் தட்பவெப்பத்துக்கு ஏற்ற வழக்கங்கள்.

கோவில்பட்டி கேட்ட உரிமை

எட்டயபுரத்துக்குப் பக்கத்து ஊர் கோவில்பட்டி. அங்கே செய்யும் கடலை மிட்டாய்க்கு 2020 ஏப்ரலில் இந்திய அரசின் புவிசார் குறியீடு கிடைத்தது. ஒரு பொருளின் தரத்துக்கும் பெயருக்கும் அது உருவாகும் இடமே காரணம் என்று காட்டினால் மட்டுமே இந்தக் குறியீடு கொடுப்பார்கள். கோவில்பட்டி சொன்ன காரணங்களில் இரண்டு, கரிசல் வட்டாரத்தில் விளையும் கடலையும் தாமிரபரணித் தண்ணீரும்.

கரிசல் சுண்ணாம்பு கலந்த மண். தோண்டினால் சுக்கான் கற்கள் கிடைக்கும். காய் மண்ணிலிருந்து நேரடியாகச் சுண்ணாம்புச் சத்தை எடுக்கிறது என்று மேலே பார்த்தோமே, அதோடு இதைச் சேர்த்து வைத்துப் பாருங்கள். சட்டம் ஒத்துக்கொண்டதும் பெரியவர் சொன்னதும் ஒரே திசையைத்தான் காட்டுகின்றன. 'ஊர்க் கடலை வாசமே வேற' என்ற பேச்சை இனி வெறும் ஏக்கம் என்று தள்ள முடியாது.

ஆனால் இங்கே கவனமாக இருக்க வேண்டும். வேற என்பதற்கு உசத்தி என்று பொருள் இல்லை. கறுப்பு மண்ணில் கடலை பிடுங்குவது பெரும்பாடு. இறுகிப்போன மண்ணில் காய் அறுந்து உள்ளேயே தங்கிவிடும். இளகிய செம்மண்ணும் மணல் கலந்த நிலமும் கடலைக்கு ஏற்றவை என்று எந்த விவசாயியும் சொல்வார். ஒவ்வொரு மண்ணும் ஒவ்வொன்றைக் கொடுத்து ஒவ்வொன்றை எடுத்துக்கொள்கிறது.

பினாங்கின் ஜாதிக்காய்ப் பாடம்

கடலையில் கை இடம்பெயர்ந்தது, வயல் பின்தங்கியது. இதற்கு நேர்மாறான கதை ஒன்று பினாங்குத் தீவிலேயே நடந்திருக்கிறது. அங்கே செடியே கப்பலேறி வந்தது.

ஜாதிக்காயின் சொந்த மண் மொலுக்காஸ் பகுதியின் பண்டா தீவுகள். டச்சுக்காரர்கள் பிடியில் இருந்த அந்தத் தீவுகளை 1796-இல் ஆங்கிலேயர் கைப்பற்றினர். கிழக்கிந்தியக் கம்பெனி கிறிஸ்டோபர் ஸ்மித் என்ற தாவரவியலாளரை அங்கே அனுப்பியது; அவர் ஜாதிக்காய், கிராம்பு நாற்றுகளை ஆயிரக்கணக்கில் சேகரித்துப் பினாங்குக்கு அனுப்பினார். ஆயர் ஈத்தாமில் கம்பெனியின் வாசனைத் தோட்டம் உருவானது. 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் தீவெங்கும் ஜாதிக்காய்த் தோட்டங்கள். 1860 வாக்கில் நோய் தாக்கிப் பெரும்பாலான மரங்கள் அழிந்தன. மிஞ்சியதன் தொடர்ச்சியை இன்று பாலிக் பூலாவ் தோட்டங்களிலும் சௌராஸ்தா சந்தையின் ஜாதிக்காய் ஊறுகடைகளிலும் பார்க்கலாம்.

1843-இல் ஜாதிக்காய் கரீபியக் கடலின் கிரெனடா தீவுக்கும் போனது. அந்த மரங்களின் மூதாதையும் கிழக்கில் இருந்தவைதான். இன்று வாசனைப் பொருள் வணிகத்தில் கிழக்கிந்திய ஜாதிக்காய், மேற்கிந்திய ஜாதிக்காய் என்று இரண்டு தரம் பிரித்தே பேசுகிறார்கள். கிழக்கிந்திய எண்ணெயில் மிரிஸ்டிசின் என்ற வாசனைப் பொருள் கூடுதல். மேற்கிந்திய எண்ணெயில் அது மிகக் குறைவு, சபினின் கூடுதல். புது மண்ணுக்கும் வெயிலுக்கும் இதில் பங்கு உண்டு. சில மரங்களின் வாரிசுகளே தீவு முழுக்கப் பரவியதற்கும் பங்கு உண்டு. கடலையில் பார்த்த அதே முடிவுதான்: இடமும் விதையும் சேர்ந்துதான் வாசத்தை எழுதுகின்றன. பெயர் ஒன்றாக இருந்தால் பொருளும் ஒன்றாக இருக்கும் என்று வரலாற்றில் நாம் எடுத்துக்கொள்ளக் கூடாது.

அப்படியானால் கச்சாங் பூத்தே யாருடையது?

மாணவர் கட்டுரைகளில் அடிக்கடி வரும் வாக்கியம் இது: "நம் முன்னோர் தமிழ்நாட்டிலிருந்து கச்சாங் பூத்தேயைக் கொண்டுவந்தனர்." இதைத் திருத்த வேண்டிய நேரம் வந்துவிட்டது என்பது என் கருத்து. அவர்கள் கொண்டுவந்தது ஒரு கைத்திறனை. அதன் பெயர் மலாய். வெள்ளைக் கடலை என்று பொருள். அதன் தட்டில் முறுக்கும் ஓமப்பொடியும் பட்டாணியும் மரவள்ளிச் சீவலும் சேர்ந்தன. அதன் கடலை பல மண்ணில் விளைந்தது. அதை வாங்கித் தின்றவர்கள் மூன்று இனத்தவரும். ஆக, கச்சாங் பூத்தே ஊரிலிருந்து வந்த பொருளின் நகல் கிடையாது. தன் வயலை விட்டுவந்த ஒரு கை, வேறு வயல்களின் கடலையைப் பழகி, இந்த ஈரக்காற்றில் இங்கேயே உருவாக்கிய மலேசியப் பொருள் அது.

இப்படிப் பார்த்தால் அந்த முன்னோரின் உழைப்பு கூடித்தான் தெரிகிறது. தெரிந்த மண்ணின் கடலையை வறுப்பது ஒரு வேலை. எந்த மண்ணில் விளைந்தது, எவ்வளவு முற்றியது, எப்படிக் காய்ந்தது என்று தெரியாத மூட்டையைப் பிரித்து, கையில் அள்ளி, முகர்ந்து, தீயைக் கூட்டியும் குறைத்தும் ஒரே வாசத்தை நாள்தோறும் கொண்டுவருவது இன்னொரு வேலை. இதற்குப் பாடநூல் கிடையாது. வண்டிகள் குறைந்து, அடுத்த தலைமுறை படித்து வேறு வேலைக்குப் போய்விட்டது, போகட்டும், நல்லதுதான். ஆனால் அந்த அறிவு எழுதப்படாமல் போனால், மாணவருக்கு மிஞ்சுவது 'கடலை விற்றார்கள்' என்ற இரண்டே சொல் வரலாறாக இருக்கும். அதைத் தடுக்க நம் வகுப்பறையால் முடியும்.

வகுப்பறையில் பயன்படுத்த

இடைநிலைப்பள்ளிப் படிவம் 3 முதல் 5 வரைக்கும் இவை பொருந்தும்.

1. சொல் வரைபடம். நிலக்கடலை, வேர்க்கடலை, மணிலாக்கொட்டை, மல்லாட்டை, கச்சான், கச்சாங் தானா, தோ தாவ் ஆகியவற்றை உலக வரைபடத்தில் குறிக்கச் சொல்லுங்கள். ஒரு சொல் எந்த வழியை நினைவில் வைத்திருக்கிறது என்று மாணவர்கள் ஒரு பத்தி எழுதட்டும். சொல்வளமும் வரலாறும் ஒன்றாக வரும்.

2. அவித்ததும் வறுத்ததும். ஒரே மூட்டைக் கடலையில் ஒரு பிடி அவித்தது, ஒரு பிடி வறுத்தது கொண்டுவந்து முகரவைத்து, வாசத்தை உவமையோடு வருணிக்கச் சொல்லுங்கள். வருணனைக் கட்டுரைக்கு நல்ல பயிற்சி. ஆனால் கடலை ஒவ்வாமை உள்ள மாணவர் இருந்தால் இதைச் செய்யவே வேண்டாம். முன்கூட்டியே பெற்றோரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

3. வாய்மொழி வரலாறு. பக்கத்திலுள்ள கச்சாங் பூத்தே கடைக்காரரிடம் அனுமதி கேட்டு ஐந்தே கேள்விகள்: மூட்டையில் எந்த நாடு எழுதியிருக்கு? ஒரு நாட்டுக் கடலைக்கும் இன்னொன்றுக்கும் வறுக்கும்போது என்ன மாற்றுவீங்க? கெட்ட கடலையை எப்படிக் கண்டுபிடிப்பீங்க? மழைக்காலத்தில் என்ன செய்வீங்க? யாரிடம் கற்றீங்க? பதிலை அவர் பேசிய தமிழிலேயே எழுதிக்கொள்ளட்டும். பிறகு எழுத்துத் தமிழில் மாற்றட்டும். பேச்சு வழக்குக்கும் எழுத்து வழக்குக்கும் இதைவிட உயிருள்ள பயிற்சி அமையாது.

4. கருத்து விளக்கக் கட்டுரை. "ஓர் உணவுக்கு உரிமை கொண்டாட வேண்டியது விளைந்த மண்ணா, சமைத்த கையா?" கோவில்பட்டிக் கடலை மிட்டாயையும் கச்சாங் பூத்தேயையும் ஒப்பிட்டு எழுதச் சொல்லுங்கள். இரண்டு பக்கத்துக்கும் சான்று கேளுங்கள். உணர்ச்சி மட்டும் போதாது என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

இந்த நான்கில் உங்களால் ஒன்றுதான் முடியும் என்றால் மூன்றாவதைத் தேர்ந்தெடுங்கள். மற்றவற்றை அடுத்த ஆண்டும் செய்துகொள்ளலாம். மூட்டையைத் திறந்த உடனே கடலையின் ஊரைச் சொல்லத் தெரிந்த அந்தப் பெரியவர்கள் அடுத்த ஆண்டும் வண்டியோடு நிற்பார்கள் என்பதற்கு உறுதி இல்லை.